ரீஃப் டேங்குக்கு என்ன ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது

ரீஃப் டேங்க், அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்பவருக்குக் கடையில் நீட்டப்படும் பாட்டில்களுக்குக் கணக்கே கிடையாது. ஸ்ட்ரான்சியம், அயோடின், பொட்டாசியம், அமினோ அமிலம், நிறத்துக்கு ஒன்று, வளர்ச்சிக்கு ஒன்று. பெரும்பாலான தொட்டிகளுக்கு உண்மையில் தேவைப்படுபவை மூன்றுதான்: கால்சியம், ஆல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு), மக்னீசியம். அதிலும் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டியது ஆல்கலினிட்டியை. மற்றவை ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினாலே பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடும். பாட்டிலின் மேல் “100 லிட்டருக்கு தினம் 5 மி.லி.” என்று போட்டிருப்பதை அப்படியே நம்பி ஊற்றாதீர்கள். உங்கள் தொட்டியில் எத்தனை பவளம் இருக்கிறது, அது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அந்த பாட்டிலை நிரப்பியவருக்குத் தெரிய வழியில்லை.

கடினப் பவளத்தின் எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக் கல்லின் அதே பொருள். மன்னார் வளைகுடாப் பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக் காளவாய்களுக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டியெடுத்ததற்கும் அதுதான் காரணம். 2001 முதல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அங்கிருந்து எடுத்ததாகச் சொல்லி யாராவது பவளமோ லைவ் ராக்கோ (நுண்ணுயிர்கள் குடியேறிய பாறைத் துண்டு) விற்றால் வாங்காதீர்கள். அது குற்றம் என்பது ஒருபுறம். அந்தக் கடலுக்கு இனி அந்த இழப்பைத் தாங்கும் தெம்பில்லை.

எலும்புக்கூடு வளர வளர, தண்ணீரிலிருந்து கால்சியமும் கார்பனேட்டும் ஒரே விகிதத்தில் போகின்றன. ஆல்கலினிட்டி 1 டி.கே.எச். (dKH, அதை அளக்கும் அலகு) குறைந்தால் கால்சியம் சுமார் 7 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) குறையும். இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கடல்நீரில் கால்சியம் 410 முதல் 420 பி.பி.எம்., ஆல்கலினிட்டி 7 டி.கே.எச். அருகில். தினம் 1 டி.கே.எச். குடிக்கும் ஒரு தொட்டியில் மூன்று நாள் எதுவும் ஊற்றவில்லை என்று வையுங்கள். ஆல்கலினிட்டி 8-லிருந்து 5-க்கு வந்துவிடும், பவளம் தவிக்கும். அதே மூன்று நாளில் கால்சியம் 420-லிருந்து 399-க்குத்தான் இறங்கியிருக்கும். வீட்டு டெஸ்ட் கிட்டின் பிழைக்குள்ளேயே அது மறைந்துபோகும். அதனால்தான் தினசரி அளவை ஆல்கலினிட்டியை வைத்து முடிவு செய்ய வேண்டும், கால்சியம் அதன் பின்னாலேயே வரும்.

எனக்குச் சரியென்று படும் இலக்கு: உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் இத்தனை பங்கு), ஆல்கலினிட்டி 7.5 முதல் 8.5, கால்சியம் 400 முதல் 440, மக்னீசியம் 1280 முதல் 1350. வேகமாக வளரட்டும் என்று ஆல்கலினிட்டியை 10, 11-இல் வைப்பவர்கள் உண்டு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் தொட்டியில் அப்படிச் செய்தால் அக்ரோபோரா என்ற கிளைத்த கடினப் பவளத்தின் நுனி வெளுத்துத் தசை உரியும். நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.02 முதல் 0.1 பி.பி.எம். இருக்கட்டும். எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும், அது நாளுக்கு நாள் அரை டி.கே.எச்.சுக்கு மேல் ஆடாமல் இருப்பதுதான் பவளத்துக்கு வேண்டியது.

மக்னீசியத்தைப் பவளம் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரில் கால்சியமும் கார்பனேட்டும் தாமாகச் சேர்ந்து கல்லாகப் படிந்துவிடாமல் தடுப்பது அதுதான். மக்னீசியம் 1100-க்குக் கீழே போன தொட்டியில் எவ்வளவு ஊற்றினாலும் ஆல்கலினிட்டி ஏறாது. ஊற்றியதெல்லாம் ஹீட்டரிலும் பம்பின் இம்பெல்லரிலும் வெள்ளைப் பொருக்காகப் போய் ஒட்டும். மூன்றும் குறைவாக இருந்தால் முதலில் மக்னீசியத்தைச் சரிசெய்யுங்கள்.

மென்பவளங்கள், காளான் பவளம், ஸூஆந்தஸ் போன்ற, கல் எலும்புக்கூடு கட்டாதவை மட்டும் உள்ள தொட்டிக்கு இந்த மூன்றும்கூடத் தனியாகத் தேவைப்படாது. வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும். வாரத்துக்கு இரண்டு முறை அளந்து, அடுத்த தண்ணீர் மாற்றத்துக்குள் 1 டி.கே.எச்.சுக்கு மேல் குறைகிறதென்றால் மட்டும் டோஸிங்கைப் பற்றி, அதாவது தினம் அளந்து ஊற்றுவதைப் பற்றி, யோசியுங்கள்.

முதலில் அளவு

அளக்கும் கருவி பொய் சொன்னால் மேற்கொண்டு போடும் எந்தக் கணக்கும் நிற்காது. ஆல்கலினிட்டி கிட்டை வீட்டிலேயே சோதிக்கலாம். 0.01 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசில் 2.40 கிராம் சமையல் சோடாவை நிறுத்து, ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரில் (வடிகட்டி உப்புகளை நீக்கிய தண்ணீர்) கரைத்துச் சரியாக 1 லிட்டர் ஆக்குங்கள். அதிலிருந்து 100 மி.லி. எடுத்து மறுபடி 1 லிட்டராக நீட்டுங்கள். இந்த நீர் 8.0 டி.கே.எச். காட்ட வேண்டும். கிட் 8.6 காட்டினால் 0.6 அதிகமாகப் படிக்கிறது என்று அதன் மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்து விட்டுவிடாமல் 35 பி.பி.டி. திட்டக் கரைசலில் (உப்பின் அளவு உறுதியாகத் தெரிந்த கரைசல்) சரிபாருங்கள். உப்பு 10 சதவீதம் தவறினால் கால்சியமும் மக்னீசியமும் அதே 10 சதவீதம் தவறும். உப்புக் குறைவைக் கால்சியம் குறைவென்று நினைத்து ஊற்றுவது வெகு சகஜம்.

அடுத்தது, தொட்டியில் உண்மையாக இருக்கும் தண்ணீர். 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரமுள்ள தொட்டி விளிம்புவரை நிரம்பினால் 182 லிட்டர். மேலே விட்ட இடம், கல், மணல் எல்லாம் கழித்து, சம்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) ஓடும் தண்ணீரைக் கூட்டினால் ஏறக்குறைய 170 லிட்டர் வரும் என்று கொள்வோம். கீழே உள்ள உதாரணம் எல்லாம் இந்த 170 லிட்டருக்கு.

தண்ணீர் மாற்றாமல், எதுவும் ஊற்றாமல், மூன்று நாள் விடுங்கள். திங்கள் காலை 8 மணிக்கு 8.4, வியாழன் காலை 8 மணிக்கு 7.5 என்றால் தினசரி செலவு 0.3 டி.கே.எச். இரண்டு முறையும் ஒரே நேரத்தில் அளப்பது முக்கியம், ஏனென்றால் விளக்கு எரியும்போது பவளம் அதிகம் எடுக்கும், இரவில் குறைவாக எடுக்கும். எஸ்.பி.எஸ். (அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் கடினப் பவளங்கள்) நிறைந்த தொட்டியில் ஒரே நாளில் 1 டி.கே.எச்.சுக்கு மேலும் போகலாம். அங்கே மூன்று நாள் காத்திருக்காமல் 24 மணி நேரத்திலேயே அளந்துவிடுங்கள்.

புதுத் தொட்டியில் ஆல்கலினிட்டி மட்டும் இறங்கி, கால்சியம் அசையாமல் நிற்பதைப் பார்த்துக் குழம்புவார்கள். அது நைட்ரேட்டின் வேலை. கழிவிலிருந்து வரும் அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகும். நைட்ரேட் 50 பி.பி.எம். ஏறினால் 2.3 டி.கே.எச். காணாமல் போகும். பவளம் தின்னவில்லை, ஆகவே அங்கே கால்சியம் ஊற்றவும் வேண்டாம்.

கரைசல்

கடையில் இரண்டு கரைசல்களாக விற்கும் டூ-பார்ட் பாட்டில்களுக்குள் இருப்பது பெரும்பாலும் கால்சியம் குளோரைடும் சோடியம் கார்பனேட் அல்லது பைகார்பனேட்டும்தான். அமெரிக்க வேதியியலர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி இதை வீட்டிலேயே தயாரிக்கும் முறையை எழுதிப் பரப்பி வெகுகாலம் ஆகிறது. இன்று உலகமெங்கும் பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் பலரும் பொடி வாங்கித்தான் கரைக்கிறார்கள். கீழே வருவது கையாளச் சுலபமான என் அளவு.

ஆல்கலினிட்டிக் கரைசல்: 100 கிராம் சோடியம் கார்பனேட், ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரில் கரைத்து 1 லிட்டர். கால்சியம் கரைசல்: 140 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், அதேபோல் 1 லிட்டர். நீரற்ற கால்சியம் குளோரைடு என்றால் 105 கிராம் போதும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடானவை; எதை எத்தனை மி.லி. ஊற்றுகிறீர்களோ மற்றதும் அத்தனை மி.லி. 100 லிட்டருக்கு 19 மி.லி. ஊற்றினால் ஆல்கலினிட்டி 1 டி.கே.எச்., கால்சியம் 7 பி.பி.எம். ஏறும். நம் 170 லிட்டர் தொட்டி தினம் 0.3 செலவழிக்கிறது: 19 பெருக்கல் 1.7 பெருக்கல் 0.3, கிட்டத்தட்ட 9.7 மி.லி. அவ்வளவுதான் கணக்கு.

சோடியம் கார்பனேட் நல்ல தரத்தில் கிடைக்கவில்லை என்றால் சமையல் சோடாவை வறுத்து எடுக்கலாம். பாக்கெட்டின் உட்பொருளில் சோடியம் பைகார்பனேட் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைத் தொடாதீர்கள். 160 கிராமை எவர்சில்வர் தட்டில் மெல்லியதாகப் பரப்பி 150 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓவனில் வையுங்கள். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறி, ஆறின பிறகு 101 கிராம் நிற்கும். 115 கிராம் நின்றால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம், திரும்ப வையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரிக்கும். துணி துவைக்கும் சலவை சோடாவில் நீரும் வேறு கலப்பும் இருக்கும், அதுவும் வேண்டாம்.

வறுக்காமலே 80 கிராம் சமையல் சோடாவை 1 லிட்டரில் கரைத்தும் ஊற்றலாம். கரையும் அளவு குறைவு என்பதால் வீரியம் பாதிதான்; கால்சியத்தையும் 70 கிராமாக்கி, இரண்டையும் இரட்டிப்பு மி.லி. ஊற்ற வேண்டும். எது நல்லது என்பதைத் தொட்டியின் பி.எச். சொல்லும். கதவு, ஜன்னல் சாத்திய ஏ.சி. அறையில் மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு தங்கி பி.எச். 7.8-க்கு இறங்கிக் கிடக்கும். அங்கே வறுத்த சோடா பி.எச்.சையும் தூக்கிக் கொடுக்கும். பகலில் 8.4-ஐத் தாண்டும் தொட்டிக்கு வறுக்காதது மேல்.

கால்சியம் குளோரைடில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கரையும்போது நன்றாகச் சூடேறும், நீரற்றதென்றால் கை வைக்க முடியாத சூடு. பொடியைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், பொடியின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. இன்னொன்று, அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊர்களில் மூடி சரியாக மூடாத டப்பாவில் ஒரு வாரத்தில் செதில்கள் ஒட்டி, ஓரத்தில் கூழாகிவிடும். அதை நிறுத்தால் பாதி எடை தண்ணீர். வாங்கியதும் மொத்தத்தையும் கரைத்து பாட்டிலில் வைத்துவிடுவது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும். அலமாரி ஈரம் உறிஞ்ச விற்கும் தரத்தை வாங்க வேண்டாம், உணவுத் தரம் கேளுங்கள்.

மக்னீசியத்துக்குத் தினசரி டோஸ் அவசியமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து குறைந்ததை ஈடுகட்டலாம். 100 லிட்டரை 100 பி.பி.எம். உயர்த்த மக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 84 கிராம்; நம் தொட்டிக்கு 142 கிராம். அதைத் தண்ணீரில் கரைத்து இரண்டு நாளில் பிரித்து ஊற்றுங்கள். எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) மட்டும் போட்டுக்கொண்டே போனால் சல்பேட் சேர்ந்துவிடும்.

இறங்கிப்போனதைத் தூக்கி நிறுத்துவதும் தினசரிச் செலவை ஈடுகட்டுவதும் வேறு வேறு கணக்கு, இரண்டையும் கலக்காதீர்கள். ஆல்கலினிட்டி 6.5-இல் கிடக்கிறது, 8-க்குக் கொண்டுவர வேண்டும் என்றால் 170 லிட்டருக்கு மொத்தம் 4.8 கிராம் சோடியம் கார்பனேட், அல்லது 7.7 கிராம் சமையல் சோடா. மூன்று நாளில் பிரித்துக் கொடுங்கள், நாளைக்கு அரை டி.கே.எச். வீதம். தினசரி 9.7 மி.லி. இதற்கு மேல் தனியாகப் போக வேண்டும்.

ஊற்றும் விதம்

இரண்டு கரைசலும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் விழுந்தால் அந்த இடத்திலேயே பால்போல் வெளுத்துப் படிந்துவிடும், இரண்டுமே வீண். இடையில் அரை மணி நேரமாவது விடுங்கள். தண்ணீர் வேகமாக ஓடும் சம்ப் அறையில் ஊற்றுங்கள். கையால் ஊற்றுபவர்கள் ஆல்கலினிட்டியை இரவில், கால்சியத்தைக் காலையில் என்று வைத்துக்கொள்ளலாம், இரவில் பி.எச். இறங்கும் நேரத்தில் கார்பனேட் அதைத் தாங்கிப் பிடிக்கும். 0.5 டி.கே.எச்.சுக்கு மேல் செலவழிக்கும் தொட்டிக்கு டோசிங் பம்ப் வாங்கிவிடுவது நல்லது. ஒரு நாள் டோஸை 12 பங்காகப் பிரித்து, ஆல்கலினிட்டியும் கால்சியமும் மாறி மாறி ஒரு மணி நேர இடைவெளியில் விழச் செய்யலாம்.

பம்பைப் பற்றிச் சில. குழாயின் நுனி தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்; மூழ்கியிருந்தால் உள்ளே உப்பு படிந்து அடைக்கும், ரோலர் பிடி தளர்ந்தால் பாட்டில் முழுவதும் தானே வழிந்து இறங்கிவிடவும் கூடும். மாதம் ஒருமுறை அளவுக் குடுவையில் 10 மி.லி. ஓட்டிப் பாருங்கள். உள்ளிருக்கும் குழாய் தேயத் தேய அது 9 ஆகும், 8 ஆகும். இன்னொன்று மின்வெட்டு. டோசிங் பம்ப் இன்வெர்ட்டரிலும் சம்பிலிருந்து தொட்டிக்கு நீரேற்றும் ரிட்டர்ன் பம்ப் வெளி மின்சாரத்திலும் இருந்தால், ஓட்டமில்லாத சம்பில் டோஸ் விழுந்து குவியும், மின்சாரம் வந்ததும் வெள்ளை மேகம் தொட்டிக்குள் போகும். இரண்டையும் ஒரே இணைப்பில் வையுங்கள். மின்சாரம் போய் வந்தால் நேரத்தை மறந்துவிடும் மலிவு டைமர்களை இந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

பம்பும் கரைசலும் இல்லாமல் சுண்ணாம்பு நீரை வைத்தே சிறு தொட்டிகளை நடத்தலாம். ஒரு லிட்டர் ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரில் ஒன்றரை கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு கரையும். மூடி வைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும், ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு லிட்டர் 100 லிட்டர் தொட்டிக்கு 1.1 டி.கே.எச்.சும் 8 பி.பி.எம். கால்சியமும் தரும். அதன் பி.எச். 12-க்கு மேல். ஆவியான நீரைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-ஆஃப் கருவியின் சென்சார் சிக்கி மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கினால் தொட்டி போய்விடும், ஆகவே நீர்த்தேக்கப் பாத்திரம் சிறியதாக இருக்கட்டும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது; பயன்படுத்த வேண்டாம்.

சுண்ணாம்பு நீருக்கு இன்னொரு நன்மை, அது பின்னால் எதையும் விட்டுச்செல்லாது. டூ-பார்ட்டில் பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொண்ட பிறகு சோடியமும் குளோரைடும், அதாவது சாப்பாட்டு உப்பு, தண்ணீரில் தங்கும். ஒவ்வொரு 1 டி.கே.எச்.சுக்கும் லிட்டருக்கு 21 மில்லிகிராம். தினம் 1 டி.கே.எச். ஊற்றும் தொட்டியில், தண்ணீரே மாற்றாவிட்டால், ஓர் ஆண்டில் உப்பு 7 பி.பி.டி.க்கு மேல் ஏறும். நுரையோடு கழிவை வெளியேற்றும் ஸ்கிம்மரும் தண்ணீர் மாற்றமும் இதைக் குறைக்கும், ஆனாலும் வாரம் ஒருமுறை உப்பைப் பாருங்கள். ஜெர்மனியின் ஹான்ஸ் வெர்னர் பாலிங் பெயரால் வழங்கும் பாலிங் முறையில் சோடியம் குளோரைடு இல்லாத கடலுப்பை மூன்றாவது கரைசலாகச் சேர்ப்பது இந்தச் சமநிலைக்காகத்தான்.

மற்ற பாட்டில்கள்

அளக்க முடியாததை ஊற்றாதீர்கள் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு அயோடினே போதுமான காரணம். கடல்நீரில் அது 0.06 பி.பி.எம். 5 சதவீத லூகால் கரைசலின் ஒரே ஒரு சொட்டில் 6 மில்லிகிராமுக்கு மேல் அயோடின் இருக்கிறது. 100 லிட்டருக்கு அந்த ஒரு சொட்டே கடலில் உள்ள மொத்த அளவு. வாரம் ஐந்தாறு சொட்டு என்று கண்மூடித்தனமாக விடுபவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக் கிட்டுகள் இந்த அளவை நம்பும்படி காட்டுவதில்லை. ஸ்ட்ரான்சியம் கடலில் 8, பொட்டாசியம் சுமார் 400 பி.பி.எம்.; நல்ல உப்புக் கலவையில் இரண்டும் வந்துவிடும். நிறம் மங்குகிறது, காரணம் புரியவில்லை என்றால் ஒரு ஐ.சி.பி. சோதனைக்கு (தனிமங்களின் அளவைக் காட்டும் ஆய்வகச் சோதனை) தண்ணீர் அனுப்பி, எது குறைவென்று வருகிறதோ அதை மட்டும் வாங்குங்கள். நைட்ரேட் பூஜ்யமென்றால் பாட்டிலுக்கு முன் மீனுக்கு இன்னொரு வேளை தீனி போட்டுப் பாருங்கள்.

புது உப்புக்கு மாறும்போதும் பையில் போட்டிருப்பதை நம்பாமல் கலக்கிய நீரை அளந்துவிடுங்கள். சில உப்புகள் 7 டி.கே.எச்., சில 12. எட்டில் ஓடும் தொட்டியில் 12 உள்ள நீரை 10 சதவீதம் மாற்றினால் 0.4 ஏறும், 30 சதவீதம் மாற்றினால் 1.2, அக்ரோபோராவுக்கு அது அதிகம்.

டோஸ் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஆல்கலினிட்டி மெல்ல ஏற ஆரம்பித்தால், பம்பைச் சரிபார்த்த கையோடு பவளத்தைப் பாருங்கள். வளர்ச்சி நின்றால் செலவு நிற்கும், எண் ஏறும். பவளத்தின் மென்னுடலான பாலிப் சுருங்குவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும் நாட்களிலும், பாஸ்பேட் உறிஞ்சியைப் புதிதாக நிறைய போட்ட பிறகும் இப்படி ஆகும். அப்போது டோஸைக் குறைத்துக் காரணத்தைத் தேடுங்கள். இதற்கு நேர்மாறாக, தொட்டி வெளுத்து மேகமாகி ஆல்கலினிட்டி ஒரே இரவில் விழுந்தால் அது படிவு. மிதக்கும் துகள்களே மேலும் படியத் தூண்டும் என்பதால் உடனே ஈடுகட்டி ஊற்றக் கூடாது. இரண்டு டோஸும் நிறுத்தி, நீர் தெளியும்வரை மெல்லிய வடிகட்டித் துணி போட்டு, மக்னீசியத்தை அளந்து, பிறகு நாளைக்கு அரை டி.கே.எச். வீதம் ஏற்றுங்கள். தவறுதலாக அதிகம் ஊற்றி 12, 13-க்குப் போய்விட்டாலும் அமிலம் விட்டு இறக்க முயலாதீர்கள். டோஸை நிறுத்தினால் பவளமே இறக்கிவிடும். அவசரமென்றால் 7 டி.கே.எச். உள்ள உப்பில் கலக்கிய நீரால் தினம் 10 சதவீதம் மாற்றலாம். ஹீட்டரையும் பம்புகளையும் கழற்றி, அரைக்கு அரை நீர் கலந்த வினிகரில் ஊறவைத்து, பொருக்கு கரைந்ததும் நன்றாக அலசித் திரும்ப மாட்டுங்கள்.